ரேம் கூட்டிய பிறகு கோப்புகளைக் காப்பி போடும்போது சிஸ்டம் முன்னைவிட மோசமாக நிற்கிறது (லினக்ஸ் மின்ட்)

தாலிகட்டு எடிட்டர், கருங்கல்

வணக்கம். கருங்கல் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறோம். வீட்டுக்காரர் காமிராவும் டிரோனும் பார்ப்பார், எடிட்டிங் முழுக்க என் கையில். கேடன்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில்தான் வேலை. விண்டோஸை விட்டு வந்து சில வருடம் ஆகிறது, திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. அதனால் "விண்டோஸ் போட்டுவிடுங்கள்" என்று யாரும் எழுத வேண்டாம். அந்த யோசனையைச் சொல்ல எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது.

பிரச்சினை இதுதான். இரண்டு காமிராவும் டிரோனும் சேர்ந்தால் ஒரு கல்யாணத்துக்கு 250 ஜிபி பக்கம் வரும். வேலை முடிந்ததும் அதை உள்ளே இருக்கும் 4 டிபி ஹார்டு டிஸ்கிலிருந்து யூஎஸ்பி வெளி டிஸ்குக்கு மாற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். தவக்காலத்தில் கோயில் கல்யாணம் கிடையாது, ஈஸ்டர் முடிந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து விழும். அப்போது ஒன்றைக் காப்பி போட்டுக்கொண்டே அடுத்ததை வெட்டி ஒட்டினால்தான் ஆல்பம் கொடுக்கும் தேதிக்கு வீடியோவும் போய்ச் சேரும். காப்பி முடியட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

காப்பி போட்டதும் முதலில் நீமோ (மின்டின் கோப்பு மேலாளர்) காட்டும் பட்டை பறக்கும். அப்புறம் அப்படியே நின்றுவிடும். அந்த நேரம் மவுஸ் அம்பு நகரும், ஆனால் எதை அமுக்கினாலும் பதில் இல்லை. பயர்பாக்ஸ் ஜன்னல் வெளிறிப்போய் நிற்கும். கேடன்லைவில் சேவ் கொடுத்தால் சில நேரம் இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் உயிர் வரும். அதைவிடக் கொடுமை, பட்டை 100 சதவீதம் ஆகி மறைந்த பிறகும் வெளி டிஸ்கின் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். கழற்றப் போனால் "இன்னும் எழுதுகிறது, கழற்றாதே" என்று வரும்.

8 ஜிபி ரேம் இருந்தபோதும் இது உண்டு. ஆனால் அரை நிமிடம், முக்கால் நிமிடம், அவ்வளவுதான். கடையில் கேட்டதற்கு ரேம் போதாது என்றார்கள். 32 ஜிபி போட்டோம். எடிட்டிங் நன்றாக இருக்கிறது, ரெண்டரும் கொள்ளாம். காப்பி மட்டும் முன்னைவிட மோசம். காசு கொடுத்து மந்தத்தை வாங்கின மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் "பழைய ரேமையே திரும்ப மாட்டிப் பாரேன்" என்கிறார். கிண்டலா நிஜமா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மெஷின் விவரம்: ஆறு கோர் ரைசன், சிஸ்டம் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில், மின்ட் 21.3, கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 5.15. வெளி டிஸ்க் 2.5 அங்குலம், எக்ஸ்ஃபேட் வடிவம்.

சுங்கான்கடை பையன்

அக்கா, ஸ்வாப்பினெஸ் (ரேமில் இருப்பதை டிஸ்கின் ஸ்வாப் பகுதிக்கு எவ்வளவு தாராளமாகத் தள்ளுவது என்ற எண்) 60-இல் இருக்கும், அதை 10 ஆக்குங்கள். காப்பியை அயோனைஸ் (டிஸ்க் முன்னுரிமையை மாற்றும் கட்டளை) போட்டு ஐடில் வகுப்பில் ஓட்டுங்கள், மற்ற வேலையைத் தொந்தரவு செய்யாது. கெர்னலும் ரொம்பப் பழசு. நான் ஆர்ச் லினக்ஸ் போட்டதிலிருந்து இந்தத் தொல்லையே பார்த்ததில்லை.

தாலிகட்டு எடிட்டர்

ஸ்வாப்பினெஸ் மாற்றிப் பார்த்தேன் தம்பி, ஒரு வித்தியாசமும் இல்லை. ஃப்ரீ கட்டளை கொடுத்தால் ஸ்வாப் தொடாமலே கிடக்கிறது. அயோனைஸும் அப்படியே. கல்யாண சீசன் நடுவில் ஆர்ச் போடும் தைரியம் எனக்கு இல்லை.

இரணியல் பாசஞ்சர்

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் கிண்டலாகவே சொல்லியிருந்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. ரேம் கூடியதால்தான் காத்திருப்பு நீண்டது.

வேலை திருவனந்தபுரத்தில், சர்வர் பார்க்கும் வேலை. இப்போது வண்டியில் நின்றுகொண்டு ஃபோனில் தமிழ் விசைப்பலகையில் எழுதுகிறேன். கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பாறசாலை தாண்டினால் சிக்னல் போகும், பதில் பாதியில் நின்றால் அதுதான் காரணம்.

லினக்ஸில் ஒரு நிரல் கோப்பில் எழுதினால் அது நேரே டிஸ்குக்குப் போவதில்லை, ரேமில் இருக்கும் பேஜ் கேஷில்தான் முதலில் விழும். டிஸ்குக்கு இன்னும் போய்ச் சேராத பக்கங்களுக்கு டர்ட்டி என்று பெயர். கெர்னல் அவற்றைப் பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்குக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். எவ்வளவு டர்ட்டி சேரலாம் என்பதற்கு இரண்டு வரம்பு உண்டு. டர்ட்டி பேக்ரவுண்ட் ரேஷியோ என்பது 10 சதவீதம், அதைத் தாண்டினால் பின்னணி எழுத்து தொடங்கும். டர்ட்டி ரேஷியோ 20 சதவீதம், அதற்கு மேல் போகாதபடி எழுதும் நிரலையே பிடித்து உட்கார வைக்கும். 20-ஐத் தொடும்வரை சும்மா இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவைத் தாண்டியதுமே பிடி இறுக ஆரம்பித்துவிடும்.

நீமோவின் பட்டை காட்டுவது பேஜ் கேஷுக்குள் போன அளவைத்தான். முதலில் பறப்பது ரேமுக்குள் போகும் வேகம். 100 சதவீதம் ஆன பிறகும் விளக்கு மினுங்குவது மிச்சம் டிஸ்குக்குப் போவதால்.

இப்போது கணக்குப் போடுங்கள். அந்தச் சதவீதம் மொத்த ரேமில் அல்ல, காலியாக இருப்பதும் கேஷிலிருந்து விடுவிக்க முடிவதும் சேர்ந்த அளவில். 8 ஜிபி இருந்தபோது மற்றதெல்லாம் போக 6 ஜிபி என்று வைத்துக்கொண்டால் 20 சதவீதம் 1.2 ஜிபி. டிஸ்க் நொடிக்கு 30 எம்பி எழுதினால் அது வடிய 40 நொடி. நீங்கள் சொன்ன அரை, முக்கால் நிமிடம் இதுதான். 32 ஜிபியில் 28 ஜிபி என்று வையுங்கள். 20 சதவீதம் 5.6 ஜிபி. அதே டிஸ்க், அதே 30 எம்பி. மூன்று நிமிடத்துக்கு மேல்.

உங்கள் தொழிலிலேயே சொல்வதானால், கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நூறு இலைதான். வாசலில் ஆள் நிற்கும் இடத்தை மட்டும் நாலு மடங்கு ஆக்கினால் பந்தி வேகமாக நடக்குமா? நிற்கிற கூட்டம்தான் கூடும். கைகழுவ மட்டும் உள்ளே போக வந்தவரும் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்.

அந்தக் கைகழுவ வந்தவர்தான் உங்கள் பயர்பாக்ஸ். வெளி டிஸ்குக்கும் எஸ்எஸ்டிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். வரம்பு சிஸ்டம் முழுவதற்கும் பொது. எந்தச் சாதனம் சமீபத்தில் எவ்வளவு எழுதி முடித்தது என்று பார்த்துப் பங்கு பிரிக்கும் ஏற்பாடு கெர்னலில் உண்டுதான். ஆனால் நெடுநேரமாக வெளி டிஸ்க் ஒன்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் பங்கு முழுக்க அதன் பக்கம் சாய்ந்திருக்கும். எஸ்எஸ்டியில் நாலு வரி சேமிக்க வந்த நிரல் வரிசையில் நிற்கும்.

தம்பி சொன்ன அயோனைஸ் ஏன் பலிக்கவில்லை என்றால், அது காப்பி போடும் நிரலுக்குத்தான் முன்னுரிமையைக் குறைக்கும். டிஸ்கில் எழுதுவது அந்த நிரல் அல்ல, கெர்னலின் ஃப்ளஷர் என்ற பின்னணி வேலையாள். படிக்கும் பக்கத்தில் கொஞ்சம் உதவலாம், எழுதும் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஸ்வாப்பினெஸ் வேறு கதை, இங்கே அதற்கு வேலையே இல்லை.

உறுதி செய்ய, காப்பி ஓடும்போது டெர்மினலில் ப்ராக் அடைவில் இருக்கும் மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்து டர்ட்டி, ரைட்பேக் (இந்த நொடியில் டிஸ்குக்கு எழுதப்படுவது) என்ற இரண்டு வரியை மட்டும் பாருங்கள். வாட்ச் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டு நொடிக்கு ஒருமுறை தானே மாறும். எண் எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள்.

குழித்துறை சர்வீஸ்

பாசஞ்சர் சொன்னது சரி. ஆனால் அந்த 30 எம்பி எனக்கு உறுத்துகிறது. 2.5 அங்குல டிஸ்க் புதிதாக இருக்கும்போது நொடிக்கு 100 எம்பி எழுத வேண்டும். 30, 35 என்று நின்றால் அது யூஎஸ்பி 2-இன் அடையாளம். பெயருக்கு நொடிக்கு 480 மெகாபிட், கையில் கிடைப்பது 30 முதல் 40 எம்பி.

எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை ஹைஃபன் டி சேர்த்துக் கொடுங்கள். உங்கள் டிஸ்கின் வரியில் கடைசியில் 480எம் என்று இருக்கிறதா, 5000எம் என்று இருக்கிறதா பாருங்கள். 480 என்றால் முதலில் வயரைச் சந்தேகப்படுங்கள். இந்த டிஸ்குகளில் அகலமான, நடுவில் பிளவு இருப்பது போன்ற வாய் இருக்குமே, அதில் பழைய ஃபோன் சார்ஜர் வயரும் பாதியில் உட்காரும். வேலையும் செய்யும். வேகம் மட்டும் யூஎஸ்பி 2. என்னிடம் "டிஸ்க் போச்சு" என்று வருவதில் இந்தக் கேஸ் நிறைய.

வயர் சரி என்றால் கேபினெட்டின் முன்பக்க வாயை விட்டு மதர்போர்டின் பின்பக்க நீல வாயில் மாட்டுங்கள். முட்டம், குளச்சல் பக்கத்திலிருந்து வரும் மெஷின்களில் முன்பக்க யூஎஸ்பிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சை பிடித்துக் கிடக்கும். உப்புக்காற்றுக்கு என்ன தெரியும், இது யூஎஸ்பி 3 என்று.

ரேம் போடச் சொன்ன கடையை நான் குறை சொல்ல மாட்டேன். 4கே வெட்டுகிறவருக்கு 8 ஜிபி எப்படியும் போதாது. காரணத்தைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்கள்.

தாலிகட்டு எடிட்டர்

இரண்டு பேருக்கும் நன்றி. காப்பி ஓடும்போது எடுத்தது:

டர்ட்டி: 5214380 கேபி
ரைட்பேக்: 61440 கேபி

5 ஜிபிக்கு மேல் ரேமிலேயே நிற்கிறது! இதற்குத்தான் காசு கொடுத்தேனா.

எல்எஸ்யூஎஸ்பியில் 480எம். வயரைக் கையில் எடுத்துப் பார்த்தால் சர்வீஸ் அண்ணன் சொன்ன அதே சார்ஜர் வயர். டிஸ்கோடு வந்த அகல வயர் டிரோன் பையில், பேட்டரிக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. அது அங்கே எப்படிப் போனது என்று வீட்டில் ஒரு விசாரணை நடந்தது, அதை இங்கே எழுத வேண்டாம்.

சரியான வயரைப் பின்பக்கம் மாட்டியதும் 5000எம் வந்துவிட்டது. தொடக்கத்தில் நொடிக்கு நூறை ஒட்டிப் போகிறது. ஆனால் பெரிய கோப்புகளாகக் கொஞ்ச நேரம் போன பிறகு இருபதுக்கு இறங்கிவிடுகிறது. இறங்கியதும் பழைய கதைதான், கேடன்லைவ் நின்றுவிடும். இது ஏன்? டர்ட்டி அளவைக் குறைக்க என்ன செய்ய வேண்டும்?

குழித்துறை சர்வீஸ்

இருபதுக்கு இறங்குவது எஸ்எம்ஆர் டிஸ்காக இருக்கலாம். தடங்களை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கும் வகை, கூரைக்கு ஓடு வேய்ந்ததுபோல. கையடக்க வெளி டிஸ்குகளில் இந்த வகை நிறைய. வருவதை முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றும். ஒரேயடியாக 250 ஜிபி தள்ளினால் மாற்ற நேரம் கிடைக்காது, வேகம் விழும். இது பழுது இல்லை, அதன் சுபாவம். சந்தேகம் தீர டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொடுத்து ரீலொகேட்டட், பெண்டிங் செக்டர் (பழுதான, சந்தேகத்துக்குரிய பகுதிகள்) எண்கள் பூஜ்யமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பூஜ்யம் இல்லை என்றால் அந்த டிஸ்கில் யாருடைய கல்யாணத்தையும் வைக்காதீர்கள்.

இரணியல் பாசஞ்சர்

நேற்றுப் பாறசாலையில் போன சிக்னல் போனதுதான்.

எட்க் அடைவுக்குள் சிஸ்சிடிஎல் டாட் டி என்று ஒரு அடைவு இருக்கும். அதில் கான்ஃப் என்று முடியும் பெயரில் புதுக் கோப்பு ஒன்று போட்டு இந்த இரண்டு வரியை எழுதுங்கள். டாட்டையும் அடிக்கோட்டையும் அப்படியே போட வேண்டும்.

விஎம்.டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ் = 67108864
விஎம்.டர்ட்டி_பைட்ஸ் = 268435456

முதலாவது 64 எம்பி, இரண்டாவது 256 எம்பி. சேமித்த பிறகு சூடோவோடு சிஸ்சிடிஎல் ஹைஃபன் ஹைஃபன் சிஸ்டம் கொடுத்தால் உடனே அமலுக்கு வரும், ரீஸ்டார்ட் தேவையில்லை. பைட்ஸ் கணக்கு எழுதினால் ரேஷியோ தானாகப் பூஜ்யமாகிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் கோப்பை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

டிஸ்க் 20 எம்பிக்கு இறங்கினாலும் 256 எம்பி வடியப் பதின்மூன்று நொடிதான். நிரல்கள் அதற்கு மேல் நிற்கக் காரணம் இருக்காது, பெரும்பாலும் நிற்பதே தெரியாது.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்: காப்பி இதனால் வேகமாகாது. 250 ஜிபிக்கு 20 எம்பி என்றால் மூன்றரை மணி நேரம், அதை எந்த எண்ணாலும் குறைக்க முடியாது. நீமோவின் பட்டை தொடக்கத்தில் பறக்காது, முதலிலிருந்தே மெதுவாகத் தெரியும். பயப்படாதீர்கள், இப்போதுதான் அது ஏறக்குறைய உண்மையைச் சொல்கிறது. எஸ்எஸ்டியில் பெரிய கோப்பை எழுதும்போது முதல் சில நொடி கிடைத்த வேகம் கொஞ்சம் குறையும். ரெண்டருக்குப் பாதிப்பு இராது, அங்கே தடை ப்ராசஸர்தான்.

எனக்கு இதில் பெரிய லாபமாகத் தெரிவது வேறு. டர்ட்டியாக நிற்பதெல்லாம் கரண்ட் போனால் போச்சு. நம்ம ஊரில் ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, இரண்டிலும் காற்றுக்கு ரப்பர் மரம் லைனில் விழும். யூபிஎஸ் பேட்டரி வயதானதாக இருந்தால் 5 ஜிபி நிற்பதற்கும் கால் ஜிபி நிற்பதற்கும் வித்தியாசம் ஒருவருடைய தாலிகட்டு.

அப்புறம், காமிரா கார்டை அழிக்கும் முன் சரிபார்க்கிறீர்களா? காப்பி முடிந்த கையோடு செக்சம் (மூலமும் நகலும் ஒன்றுதானா என்று பார்க்கும் கணக்கு) போட்டால், கோப்பின் பகுதிகள் இன்னும் கேஷில் இருந்தால் ரேமிலிருந்தே படித்து "சரி" என்று சொல்லிவிடும், டிஸ்கைத் தொடாது. அன்மவுண்ட் செய்து, கழற்றி மறுபடி மாட்டி, அதன் பிறகு ஆர்சிங்க் என்ற காப்பி நிரலை செக்சம் தேர்வோடு ஓட்டுங்கள்.

சுங்கான்கடை பையன்

அண்ணே, இவ்வளவு தெரிந்த விஷயம் என்றால் கெர்னலிலேயே ஏன் மாற்றவில்லை? விண்டோஸில் இந்தக் கூத்து இல்லையே.

இரணியல் பாசஞ்சர்

பழைய வழக்கு தம்பி. கெர்னலின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் 12309 என்ற எண்ணைச் சொன்னால் பழைய ஆட்கள் பெருமூச்சு விடுவார்கள். பெரிய காப்பி ஓடும்போது டெஸ்க்டாப் செத்துப்போகிறது என்று ஆரம்பித்து, ஆளாளுக்கு வேறு வேறு நோயைக் கொண்டுவந்து அதே வார்டில் சேர்த்துவிட்டார்கள். 2013-இல் யூஎஸ்பி விவகாரம் கெர்னல் பட்டியலில் தனியாகப் பேசப்பட்டது. பெரிய ரேமுக்குச் சதவீதக் கணக்கு சரிவராது என்ற பக்கம்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் பேசினார். ஆனாலும் வரும்போதே இருக்கும் எண் 10, 20 என்றே நின்றுவிட்டது. வேகமான டிஸ்க் உள்ள சர்வருக்கு அது லாபம், அங்கே எழுத்தைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தள்ளினால் நல்லது.

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2017-இல் வந்த 4.10 கெர்னலில் ரைட்பேக் த்ராட்லிங் சேர்ந்தது, ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது. அது பின்னணி எழுத்து ஒரே டிஸ்கின் மற்ற வேலைகளை நசுக்காமல் பார்த்துக்கொள்ளும். அக்காவின் சிக்கல் அதற்கு முந்தைய கட்டம், ரேமில் சேரும் அளவு. விண்டோஸ் 10-இல் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்குக்கு வேகமாகக் கழற்றும் முறைதான் இயல்பு, அங்கே எழுத்தைச் சேர்த்து வைப்பதில்லை. அதனால் பட்டை நேர்மையாகத் தெரிகிறது. உன் லேப்டாப்பில் தொல்லை இல்லாததற்கு ஆர்ச்சைவிட வேகமான என்விஎம்இ டிஸ்க் காரணமாக இருக்கலாம். ஒரு மெதுவான பென்டிரைவில் 20 ஜிபி எழுதிப் பார்.

சுங்கான்கடை பையன்

எழுதிப் பார்த்தேன். சரி அண்ணே.

தாலிகட்டு எடிட்டர்

இரண்டு வரியையும் போட்டேன். நேற்று ஒரு கல்யாணத்தை முழுதாக வெளி டிஸ்குக்குத் தள்ளிக்கொண்டே இன்னொன்றின் மறுவீட்டுக் காட்சியை வெட்டினேன். ஒரு தடவைகூட ஜன்னல் வெளிறவில்லை. டர்ட்டி எண் கால் ஜிபியைத் தாண்டவே இல்லை. செக்டர் எண்களும் பூஜ்யம். வெட்டும் கல்யாணமும் காப்பி ஆகும் கல்யாணமும் ஒரே 4 டிபி டிஸ்கில் இருப்பதால் டைம்லைனை இழுக்கும்போது கொஞ்சம் தடங்குகிறது, அது மட்டும்தான். ரேமைத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் ஏமாந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒன்று. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பென்டிரைவ்களை என்டிஎஃப்எஸ் வடிவத்தில் கொடுக்கிறேன், படம் ஒரே கோப்பாக 12 ஜிபி வரும். அதில் எழுதும்போது டாப் கட்டளையில் மவுண்ட் டாட் என்டிஎஃப்எஸ் என்று ஒன்று மேலே ஏறி நிற்கிறது. அதுவும் இதே பிரச்சினையா?

இரணியல் பாசஞ்சர்

டைம்லைன் தடங்குவது தலை இரண்டு இடத்துக்கும் ஓடுவதால். நீமோவுக்குப் பதில் ஆர்சிங்கில் பிடபிள்யூலிமிட் 60எம் (நொடிக்கு 60 எம்பிக்கு மேல் போகாதபடி) போட்டு ஓட்டுங்கள், போதும்.

என்டிஎஃப்எஸ் வேறு. மின்டில் அது என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக மவுண்ட் ஆகிறது, கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல். ஒவ்வொரு எழுத்தும் அதன் கை வழியாகப் போவதால்தான் டாப்பில் தெரிகிறது. உங்கள் 5.15 கெர்னலிலேயே என்டிஎஃப்எஸ்3 என்று உள் டிரைவர் சேர்ந்துவிட்டது, ஆனால் வாடிக்கையாளர் கையில் போகும் பொருளுக்கு நான் அதை முதலில் பரீட்சித்துத்தான் பார்ப்பேன்.

குழித்துறை சர்வீஸ்

பென்டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் போதும் அக்கா. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு அதில் ஏறாது. ஆனால் சில பழைய டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, என்டிஎஃப்எஸ் படிக்கும். கல்யாண வீட்டில் டிவி எத்தனை வருடத்துப் பழசு என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். மாமனார் வீட்டு டிவியையும் சேர்த்துக் கேளுங்கள், ஃபோன் அங்கிருந்துதான் வரும்.